குதிரில் ஓடும் தானியம்

தண்ணீர்த் தொட்டியின் அடியில் உள்ள அழுத்தம் நீரின் உயரத்திற்கேற்ப ஏறிக்கொண்டே போகும். கோதுமை நிரம்பிய குதிரில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஓர் உயரத்திற்குப் பின் எவ்வளவு கொட்டினாலும் அடித்தளத்தின் மீதான அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றுவிடுகிறது. மணிகள் பக்கச் சுவரை அழுத்துகின்றன. அங்கு எழும் உராய்வு மிகுதி எடையைத் தாங்கிக்கொள்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் 1895இல் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார்.

1965இல் தோன்றிய இந்திய உணவுக் கழகம் நெடுங்காலம் சாக்கு மூட்டைகளையே பெரிதும் நம்பி வந்தது. மூட்டை ஓடுவதில்லை, ஆகவே இப்பிரச்சினையும் பெரிதாக எழவில்லை. பஞ்சாபின் மோகா, ஹரியானாவின் கைத்தல் போன்ற இடங்களில் பெரும் எஃகுக் குதிர்கள் எழுந்த பின்னரோ, தானியத்தின் ஓட்டத்தை அறிவது இன்றியமையாததாயிற்று.

அடிவாயைத் திறந்தால் தானியம் சீரான வேகத்தில் கொட்டுகிறது. மேலே உள்ள உயரம் குறைவதால் வேகம் குறைவதில்லை. வாயின் அகலத்தை இரட்டித்தாலோ, கொட்டும் அளவு ஐந்தரை மடங்குக்கு மேல் பெருகும். வாய் மிகக் குறுகலாயின், மணிகள் ஒன்றையொன்று தாங்கி வளைவாக நின்று வழியை அடைத்துவிடும். ஈரம் ஏறிய தானியத்தில் இத்தொல்லை அதிகம்.

அடிக்கூம்பின் சரிவு போதாமலும் சுவர் சொரசொரப்பாகவும் இருந்தால், நடுவில் உள்ள தானியம் மட்டுமே புனல்போல் இறங்கும். ஓரத்தில் இருப்பது அசையாது. முதலில் கொட்டியதே கடைசியில் வெளிவரும்; அதற்குள் அது பூச்சிக்கும் பூசணத்திற்கும் இரையாகலாம். செங்குத்தான வழவழப்புக் கூம்பு அமைத்தால் முழுத் தானியமும் ஒருசேர இறங்கும். ஆனால் கட்டடத்தின் உயரமும் செலவும் கூடும். ஓட்டம் தொடங்குகையில் சுவரின் மீதான அழுத்தமும் உயரும். வாய் ஒருபுறமாக அமைந்தால் மெல்லிய எஃகுத் தகடு நசுங்கவும் கூடும். சிக்கனம் கருதி இதனைப் புறக்கணிப்பது உண்மையில் சிக்கனமாகாது.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது தொழிலாளியின் உயிர். அடியில் தானியம் இறங்கிக்கொண்டிருக்கும்போது மேற்பரப்பில் நிற்பவர் சில விநாடிகளிலேயே புதையுண்டுவிடுவார். இடுப்பளவு புதைந்தவரைக் கூட வெறுங்கையால் இழுத்தெடுப்பது அரிது. சுற்றியுள்ள மணிகளின் அழுத்தமும் உராய்வுமே அவரைப் பிடித்துக்கொள்கின்றன. உள்ளே இறுகி நிற்கும் வளைவின் அடியில் வெற்றிடம் இருப்பதும் மேலிருந்து தெரியாது. எனவே உள்ளே இறங்கும் முன் அடிவாயை மூடிப் பூட்டுவதும், இடுப்பில் கயிறு கட்டுவதும், வெளியே ஒருவர் கண்காணித்து நிற்பதும் கட்டாயமாதல் வேண்டும்.