பலஸ்தீன் நுழைந்த வாசல்

ஐ.நா. உறுப்புரிமைக்கு முதலில் பாதுகாப்புச் சபையின் சிபாரிசு வேண்டும். அங்கே அமெரிக்காவின் வீட்டோ இருக்கிறது. 2011 செப்டம்பரில் பலஸ்தீன் கொடுத்த விண்ணப்பம் அங்கேதான் மாட்டிக்கொண்டது.

யுனெஸ்கோவில் யாருக்கும் வீட்டோ இல்லை. பொது மாநாட்டில் மூன்றில் இரண்டு வாக்கு போதும். ஒக்டோபர் 31இல் 107 நாடுகள் ஆதரித்தன, 14 எதிர்த்தன. ஒதுங்கிய 52உம் கணக்கில் வராது. பலஸ்தீன் உள்ளே வந்துவிட்டது. அமெரிக்கா சும்மா இருக்குமா? பழைய சட்டத்தைக் காட்டி, யுனெஸ்கோ வரவுசெலவில் 22 சதவீதமான தன் பங்கை நிறுத்தியது.

அப்படியென்றால் கிடைத்தது வெறும் கதிரைதானா? இல்லை. உலக மரபுரிமைப் பட்டியலுக்கு ஓரிடத்தை முன்மொழிய, அந்தச் சமவாயத்தில் சேர்ந்த அரசாக இருக்க வேணும். 2012இல் பெத்லஹேமின் பிறப்புத் தேவாலயம் பலஸ்தீனின் பெயரிலேயே பட்டியலில் ஏறியது. அதே நவம்பரில் ஐ.நா. பொதுச் சபை 138 வாக்குகளால் அதனை 'உறுப்பினரல்லாத அவதானி அரசு' ஆக்கியது. அந்த 'அரசு' என்ற சொல்தான் 2015இல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் சேரவும் வழிவிட்டது.