எழுபத்தேழு வயதில் சிரிக்க வைத்தவர்

"எனக்கு வயசாகிவிட்டது, இனிமேல் என்ன இருக்கிறது?" என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிட்ட பெரியவர் உங்கள் வீட்டில் யாராவது உண்டா? இந்தப் பக்கத்தை அவரிடம் படித்துக் காட்டுங்கள். ஹாஸ்யப் படங்கள் எடுத்த ஆங்கிலேய டைரக்டர் சார்லஸ் கிரைட்டனின் கதை இது.

1910-ல் பிறந்த கிரைட்டன், ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு, பிலிமை வெட்டி ஒட்டும் எடிட்டர் வேலையில் சேர்ந்தார். நம் மைசூரில் சாபு என்ற சிறுவனையும் யானைகளையும் வைத்து எடுத்த 'எலிபெண்ட் பாய்' (1937) படத்தை எடிட் செய்தவர் இவர்தான். எதை வைத்துக் கொள்வது, எதை வெட்டி எறிவது என்ற கணக்கு அந்த மேஜையில்தான் அவர் கைக்கு வந்தது. ஹாஸ்யத்துக்கு உயிரே அந்தக் கணக்குத்தானே! ஒரு விநாடி பிசகினாலும் சிரிப்பு போய்விடும்.

பிறகு ஈலிங் ஸ்டூடியோவில் டைரக்டர் ஆனார். 1951-ல் வந்த 'தி லாவண்டர் ஹில் மாப்' அவர் பெயரை எங்கும் பரப்பியது. வருஷக் கணக்காகப் பாங்கின் தங்கக் கட்டிகளுக்குக் காவலாகப் போய்வரும் பரம சாது குமாஸ்தா ஒருவர். அலெக் கின்னஸ் அந்த வேஷத்தில் வெளுத்து வாங்கியிருப்பார். குமாஸ்தா அந்தத் தங்கத்தையே கொள்ளையடித்து, உருக்கி, ஈபில் கோபுரப் பொம்மைகளாக வார்த்துப் பாரிஸுக்கு அனுப்புகிறார். அங்கே கடைக்காரி தவறுதலாக ஆறு தங்கக் கோபுரங்களைப் பள்ளிக்கூடச் சிறுமிகளுக்கு விற்றுவிடுகிறாள்! அப்புறம் நடக்கும் ஓட்டத்தைக் கேட்க வேண்டுமா? கதை எழுதிய டி. இ. பி. கிளார்க்குக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

ஆனால் சக்கரம் சுழன்றது. 1955-ல் ஈலிங் ஸ்டூடியோ பி.பி.சி.க்கு விற்கப்பட்டது. அமெரிக்காவில் 'பேர்ட்மேன் ஆப் அல்கட்ராஸ்' படத்தைத் தொடங்கிய கிரைட்டன் பாதியிலேயே விலக நேர்ந்தது. 1962-ல் அது வேறொருவர் பெயரில் வெளிவந்தது. 1965-க்குப் பிறகு தியேட்டருக்கான கதைப்படம் எதுவும் அவர் கைக்கு வரவில்லை.

அதற்காக அவர் மூலையில் உட்கார்ந்துவிட்டாரா? இல்லை. 'தி அவெஞ்சர்ஸ்', 'ஸ்பேஸ்: 1999' என்று டெலிவிஷன் தொடர்களை டைரக்ட் செய்தார். கம்பெனி ஊழியர்களுக்குப் பாடம் சொல்லும் சின்னஞ்சிறு பயிற்சிப் படங்களையும் எடுத்தார். "லாவண்டர் ஹில் எடுத்த கை, இதையா எடுப்பது?" என்று எண்ணவில்லை.

அந்தச் சின்ன வேலைதான் பெரிய கதவைத் திறந்தது. பயிற்சிப் படங்களில் அவருடன் வேலை செய்த ஹாஸ்ய நடிகர் ஜான் கிளீஸ், கிரைட்டனோடு உட்கார்ந்து ஒரு கதை தயாரித்தார். முன்பு தங்கம், இப்போது வைரம். கொள்ளையடித்த வைரங்களுக்காகத் திருடர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றும் கதை. இத்தனை வயதானவரை நம்பிப் பணம் போடுவதா என்று தயாரிப்பாளர்கள் தயங்கினார்கள். கிரைட்டன்தான் வேண்டும் என்று கிளீஸ் விடவில்லை.

1988-ல் 'எ பிஷ் கால்ட் வாண்டா' வெளிவந்தபோது கிரைட்டனுக்கு வயது எழுபத்தேழு. உலகமே விழுந்து விழுந்து சிரித்தது! நடிகர் கெவின் கிளைனுக்கு ஆஸ்கார் கிடைத்தது. டைரக்ஷனுக்கும் திரைக்கதைக்கும் கிரைட்டனின் பெயர் ஆஸ்கார் போட்டிக்குச் சிபாரிசு ஆயிற்று. பரிசு கைக்கு வரவில்லை, போகட்டுமே! 1999-ல் அவர் கண் மூடியபோது, இளமையில் எடுத்த படத்தையும் முதுமையில் எடுத்த படத்தையும் ஜனங்கள் ஒன்றாகவே நினைத்துக் கொண்டார்கள்.

நடுவில் இருபத்து மூன்று வருஷம் அவர் சும்மா இருந்திருந்தால்? பெரியவரிடம் இதையும் மறக்காமல் கேளுங்கள்.