சோழவரத்து ஓடுதளம்

தகவல் துளி. திருப்பாலைவனத்திலிருந்து பொன்னேரி வழியாகச் செங்குன்றம் போகிற நேயர்களுக்குச் சோழவரம் தெரிந்த ஊர்தான். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ராணுவ விமானங்களுக்கு ஓர் ஓடுதளம் இருந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீச, சென்னைவாசிகள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பினார்கள். பக்கத்துப் புழல் ஏரியிலிருந்து கிளம்பிய ராணுவ விமானங்களுக்கோ ஓடுதளமே தேவைப்படவில்லை. கேட்டலினா என்னும் பறக்கும் படகுகள் தண்ணீரைக் கிழித்தபடி எழும்பி, எதிரிக் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் தேடி வங்கக் கடலுக்கு மேலே மணிக்கணக்கில் சுற்றும். ஆமாம், சென்னைக்குக் குடிநீர் தருகிற அதே ஏரிதான்! போருக்குப் பிறகு, 1950-களிலிருந்து சோழவரத்து ஓடுதளத்தில் சீறியவை கார்களும் மோட்டார் சைக்கிள்களும். இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் வரும்வரை தென்னிந்தியாவின் பெரிய மோட்டார் பந்தயங்கள் இங்கேதான் நடந்தன.