தள்ளுபடி சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் நிஜமாகவே லாபமா? ஒரு திசையன்விளை மளிகைக் கணக்கு

மாசம் பிறந்து சம்பளம் வந்ததும் திசையன்விளை வீடுகளில் ஒரு பேச்சு ஓடும். "இந்தத் தடவை சாமானை எல்லாம் திருநவேலில போய் மொத்தமா வாங்கிருவோமா? அங்க எல்லாத்துக்கும் ஆஃபர் போட்டுருக்கானாம்லா!"

சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கும் அண்ணாச்சி கடைகளில் பலவும் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் இருந்து போனவர்கள் நடத்துபவை. அப்படி மளிகை வியாபாரத்தை ஊருக்கே கற்றுக்கொடுத்த மண்ணிலும் இப்போது 'எம்.ஆர்.பி.யை விடக் குறைவு' என்ற போர்டு ஆளை இழுக்கிறது. அந்த போர்டை நம்பி பஸ் ஏறலாமா? பில்லைப் பிரித்துப் பார்க்கலாம்.

அவர்களால் எப்படி மலிவாகத் தர முடிகிறது?

தள்ளுபடிக் கடைகளின் சூத்திரம் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒன்றுதான். ஜெர்மனியின் ஆல்டி, குறைவான வகைப் பொருட்களை மட்டும் வைத்து, அதிலும் பெரும்பகுதியைத் தன் சொந்தப் பெயரில் விற்று வளர்ந்தது. இந்தியாவில் ராதாகிஷன் தமானி 2002-ல் மும்பையில் தொடங்கிய டிமார்ட், பெரும்பாலான கடைகளைச் சொந்த இடத்தில் நடத்துகிறது. அதனால் வாடகைச் சுமை குறைவு. சப்ளையர்களுக்கு சீக்கிரமே பணம் கொடுத்துவிடுவதால் கொள்முதல் விலையும் குறைகிறது. பத்து பிராண்டு வைப்பதற்குப் பதில் வேகமாக விற்கும் மூன்று நான்கை மட்டும் வைத்தால் சரக்கு தேங்காது.

அதாவது, இந்தத் தள்ளுபடி ஏமாற்று இல்லை. ஆனால் எல்லாப் பொருளிலும் அது ஒரே அளவில் கிடைக்காது. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

எதில் நிஜமான தள்ளுபடி?

சோப்பு, டூத் பேஸ்ட், சலவைத் தூள், பிஸ்கட், டீத்தூள் போன்றவை எல்லாக் கடையிலும் ஒரே பிராண்டு, ஒரே எம்.ஆர்.பி. இவற்றில் 8 ரூபாய் குறைந்தால் 8 ரூபாய் லாபம், அவ்வளவுதான். ஒப்பிடுவதும் ஈஸி.

அரிசி, பருப்பு, மிளகாய், மல்லி விஷயம் வேறு. கடையே பேக் செய்து தன் பெயரில் விற்கும் துவரம்பருப்புக்கு எம்.ஆர்.பி.யை நிர்ணயிப்பதும் அந்தக் கடைதான். 220 ரூபாய் என்று அச்சடித்து, அதை அடித்து 160 என்று போட்டால் '60 ரூபாய் சேமிப்பு' என்று பில்லில் வரும். பக்கத்து அண்ணாச்சி அதே தரப் பருப்பை 155-க்கு உதிரியாகக் கொடுத்தால் அந்த 60 ரூபாய்க்கு என்ன அர்த்தம்? எனவே பார்க்க வேண்டியது எவ்வளவு கழித்தார்கள் என்பதை அல்ல, கடைசியில் கிலோ என்ன விலை என்பதை.

வரியும் இதில் ஒரு கை பார்க்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. மூட்டையைப் பிரித்து எடைபோட்டுத் தரும் உதிரிச் சரக்குக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் 26 கிலோ அரிசி மூட்டை வந்த கதையும் இதுதான்.

பாக்கெட் அளவைப் பாருங்க

முன்பு எண்ணெய், பிஸ்கட், டீத்தூள் உட்பட 19 வகைப் பொருட்களைக் குறிப்பிட்ட அளவுகளில்தான் பேக் செய்ய வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதி இருந்தது. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தம் அதை நீக்கியது. 850 மி.லி., 800 கிராம் என்று விதவிதமான பாக்கெட்டுகளுக்கு இப்போது தடையில்லை.

உதாரணத்துக்கு, 1 லிட்டர் எண்ணெய் 155 ரூபாய். பக்கத்தில் அதே மாதிரி இருக்கும் இன்னொரு பாக்கெட் 136 ரூபாய். 19 ரூபாய் மிச்சம் என்று கை தானாக அங்கே போகும். ஆனால் அது 850 மி.லி. லிட்டர் கணக்குப் போட்டால் 160 ரூபாய். மலிவாகத் தெரிந்தது 5 ரூபாய் அதிகம்!

அதே திருத்தம் வாடிக்கையாளருக்கு ஓர் ஆயுதத்தையும் கொடுத்தது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு என்ன விலை, அதற்கு மேற்பட்டதில் கிலோவுக்கு என்ன விலை என்று எம்.ஆர்.பி. பக்கத்திலேயே அச்சிட வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. ஆஃபர் விலைக்கு செல்போன் கால்குலேட்டரைத்தான் திறக்க வேண்டும்.

'பெரிய பேக் என்றால் மலிவு' என்பதும் எப்போதும் சரியில்லை. பல பிராண்டு ஷாம்புகளில் பாட்டிலை விட சாஷேயே மி.லி. கணக்கில் விலை குறைவு.

தரம் எப்படி?

பிராண்டு பொருளில் கடைக்குக் கடை தரம் மாறாது, தேதிதான் மாறும். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். 'பெஸ்ட் பிஃபோர்' நாள் நெருங்கிய சரக்கை சீக்கிரம் தள்ளிவிட இது ஒரு வழி. ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும் என்றால் வாங்கலாம், இல்லையென்றால் குப்பைக்குத்தான் போகும்.

கடையின் சொந்த பிராண்டு என்றால் பின்பக்கம் திருப்பி, தயாரித்தது யார், பேக் செய்தது யார், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

விலையை மட்டும் பார்க்கக் கூடாத பொருளுக்கு நம்ம ஊர் உதாரணம் கருப்பட்டி. சீனி கலந்தால் விலையைக் குறைப்பது எளிது. பக்கத்திலேயே உடன்குடி இருக்கிறது, அதன் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தெரிந்த கையில் வாங்கிப் பழகிய பொருளை, அலமாரியில் விலை குறைவாக இருக்கிறது என்பதற்காக மாற்றுவது லாபம் ஆகாது.

பில்லில் வராத இரண்டு செலவு

முதலாவது பயணம். 4,000 ரூபாய் சாமானில் 8 சதவீதம் மிச்சம் என்று வைத்துக்கொண்டால் 320 ரூபாய். இரண்டு பேர் போய்வரும் பஸ் கட்டணம், டீ, வடை, பையைத் தூக்கிவர ஆட்டோ என்று கழித்தால் கையில் என்ன நிற்கும்? லிஸ்ட்டில் இல்லாத ஒரு பிளாஸ்டிக் டப்பா செட் டிராலியில் ஏறிவிட்டால் அதுவும் காலி.

இரண்டாவது, பற்று நோட்டு. சம்பளம் தள்ளிப்போகும் மாதம், வளைகுடாவில் இருந்து பணம் வராத மாதம், உவரிப் பக்கம் கடலுக்குப் போக முடியாத வாரம். அப்போது, "எழுதிக்கோங்க அண்ணாச்சி, பெறவு தாரேன்" என்று சொல்லத் தெருக் கடையில்தான் முடியும். வட்டியில்லாத அந்தக் கடனை எந்த ஆஃபரிலும் சேர்க்க முடியாது. வசதியான மாதங்களில் ரொக்கத்தை எல்லாம் வெளியூரில் செலவழித்துவிட்டு, கஷ்டமான மாதத்தில் மட்டும் நோட்டோடு போய் நின்றால் அந்தக் கடை எத்தனை நாள் தாங்கும்?

மலிவுக் கடையும் நிரந்தரமில்லை என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1997-ல் சென்னையில் தொடங்கிய சுபிக்‌ஷா, ஆடம்பரம் இல்லாத சின்னக் கடைகளில் எம்.ஆர்.பி.யை விடக் குறைத்து விற்றுப் பெயர் வாங்கியது. நாடு முழுக்க சுமார் 1,600 கடைகள் வரை வேகமாக விரிந்து, கையில் பணம் இல்லாமல் 2009-ல் ஷட்டரை இழுத்தது.

அப்போ, எதை எங்கே வாங்கலாம்?

முதலில் ரேஷன் கடை. அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை 25 ரூபாய். இந்த விலைக்கு எந்த சூப்பர் மார்க்கெட்டும் வர முடியாது. கார்டு இருந்தும் வாங்காமல் விட்டால் நஷ்டம்தான்.

சோப்பு, பேஸ்ட், சலவைத் தூள் போன்ற கெடாத பிராண்டு பொருட்களை, வேறு வேலையாக நெல்லைக்குப் போகும்போது இரண்டு மூன்று மாதத்துக்கு மொத்தமாகத் தள்ளுபடிக் கடையில் வாங்கலாம். அதற்கென்றே தனியாக பஸ் ஏற வேண்டாம்.

பருப்பு, மசாலாச் சாமான், அவசரத் தேவைகளுக்கு அண்ணாச்சி கடை. கிலோ விலையை மட்டும் அவ்வப்போது ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். "அங்க இவ்வளவுக்குத் தாராங்களே" என்று கேட்டால் குறைத்துத் தரவும் செய்வார்கள். டிராலிக் கடையில் அப்படிக் கேட்க ஆள் கிடையாது.

எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலோ, போர்டில் ஒரு விலையும் பில்லில் ஒரு விலையும் இருந்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

பில்லின் அடியில் 'நீங்கள் சேமித்தது' என்று பெரிய எழுத்தில் ஒரு தொகை வரும். அதை விடுங்கள். போன மாதம் மொத்த மளிகைச் செலவு எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு? பஸ் காசையும் சேர்த்து அது குறைந்திருந்தால்தான் சேமிப்பு.