உடன் பணிபுரிவோர் முன்னிலையில் மேடைக் கூச்சம்

செப்டம்பர் மாதம் பிறந்ததும் மத்திய அரசு அலுவலகங்களில் கலைநிகழ்ச்சிகளைப் பற்றிய பேச்சு எழுவது வழக்கம். 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று அரசியல் நிர்ணய சபை இந்தியை ஆட்சிமொழியாக ஏற்றது. அந்நாளையொட்டி நடைபெறும் விழாக்களில் கவிதை ஒப்பித்தலும் பாட்டும் ஓரங்க நாடகமும் இடம்பெறுகின்றன. பங்குகொள்வோர் பெயர் தருக என்று சுற்றறிக்கை வருகிறது. கோப்பில் எவருக்கும் அஞ்சாது குறிப்பெழுதும் அன்பர், அதைக் கண்டதும் நாற்காலியிலேயே சுருங்கிப் போகிறார். இது ஏன்?

வள்ளுவர் அவையஞ்சாமைக்கென 73-ஆம் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் அவர் கருதியது கற்றோர் கூடிய அவை. நாம் இங்கே பேசுவது, நாளைக் காலை எதிர் மேசையில் அமரப்போகிறவர்கள் கூடிய அவை. அயலார் முன்னிலையில் பாடினால், அவர்களுக்கு நாம் பாடகர் மட்டுமே; பாட்டு முடிந்ததும் உறவும் முடிந்தது. அலுவலக நண்பர்களோ நம்மைப் பற்றி ஓர் உருவத்தை முன்னரே வரைந்து வைத்திருக்கிறார்கள். கணக்குப் பிரிவின் கண்டிப்பான மனிதர் விதூஷகனாக வந்தால் அவ்வுருவம் கலைந்துவிடும். கூச்சத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பிறர் கருத்தைப் பிறர் சார்பில் எழுதித் தாம் மறைந்து நிற்பதே எம் போன்ற மொழிபெயர்ப்பாளர் தொழில். ஆகவே எங்களுக்கு இத்தொல்லை சற்று மிகுதி!

உடல் இதில் தன் பங்கைச் செய்கிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலினைச் சொரிகின்றன. இதயம் விரைகிறது, நா உலர்கிறது, கை நடுங்குகிறது. இது நோயன்று, ஆபத்தை எதிர்கொள்ள உடல் செய்துகொள்ளும் ஆயத்தம்.

பார்ப்பவர் இருந்தால் நம் செயல் சிறக்குமா, கெடுமா? ராபர்ட் சையான்ஸ் என்னும் உளநூலறிஞர் 1965-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நன்கு பழகிய செயல், பிறர் முன்னிலையில் மேலும் சிறக்கிறது. பழகாத செயல் மேலும் தடுமாறுகிறது. 1969-ல் அவரும் துணைவர்களும் கரப்பான்பூச்சிகளைக் கொண்டே இதைச் சோதித்தனர். வேறு கரப்பான்கள் பார்த்திருக்கையில், நேர்வழியில் ஓடியவை விரைவாக ஓடின; திருப்பமுள்ள வழியில் விடப்பட்டவை தாமதமாயின. கரப்பானுக்கும் சபை உண்டு போலும்.

இவ்வுண்மையிலிருந்து ஒத்திகையின் பயன் விளங்குகிறது. வசனம் நினைவில் இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். போதாது. நினைத்துப் பார்த்துச் சொல்லும் நிலையில் மேடையேறினால் கூட்டம் அவ்வசனத்தைக் குலைத்துவிடும். நினையாமலே நாவில் வரும் நிலையில் ஏறினால் அதே கூட்டம் அதற்கு மெருகூட்டும். முதல் நான்கு வரிகளை மட்டுமாவது அந்த அளவுக்கு உருவேற்றிக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில்தான் நடுக்கம் உச்சத்தில் நிற்கும். ஒத்திகையையும் பூட்டிய அறையில் தனியே நடத்தாமல், முதலில் இருவர், பிறகு ஐவர், பிறகு பிரிவு முழுவதும் என்று அலுவலக நண்பர்கள் முன்னிலையிலேயே நடத்துவது நலம்.

காந்தியடிகளின் வாழ்க்கையில் இதற்குத் தக்க சான்று உண்டு. இலண்டனில் மாணவராக இருந்தபோது சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் வாய் திறக்கக் கூசினார். எழுதிச் சென்ற கருத்தை வேறொருவர் படிக்க நேர்ந்தது. பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கில் எழுந்து நின்று, கேள்வி எதுவும் தோன்றாமல் அமர்ந்துவிட்டார். அவரே 1893-ல் பிரிட்டோரியாவில் இந்தியர் கூட்டத்தில் வாணிகத்தில் வாய்மை பற்றிப் பேசினார். பேசப்போகும் பொருளை நன்கு ஆராய்ந்து சென்றிருந்தார். கூச்சம் முற்றிலும் தம்மை விட்டு நீங்கவில்லை என்றும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆகவே கூச்சம் ஒழியட்டும், பிறகு மேடையேறுவோம் என்று காத்திருப்பது வீண்.

நம் தவறுகளை எல்லாரும் கவனிக்கிறார்கள் என்ற எண்ணமும் பெரும்பாலும் மிகையே. 2000-ஆம் ஆண்டில் தாமஸ் கிலோவிச்சும் துணைவர்களும் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் படம் பொறித்த சட்டையை மாணவர்களுக்கு அணிவித்து ஓர் அறைக்குள் அனுப்பினர். ஏறத்தாழப் பாதிப் பேர் கவனித்திருப்பர் என்று அணிந்தவர்கள் கருதினர். உண்மையில் கவனித்தவர்கள் கால் பங்கினரே. 2014-ல் ஆலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வு மேலும் சுவையானது. பாடுவதற்கு முன் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொன்னவர்கள் இயந்திர மதிப்பீட்டில் சுமார் 81 விழுக்காடு பெற்றனர். 'பதற்றமாக இருக்கிறது' என்று சொன்னவர்கள் பெற்றது சுமார் 53. துடிக்கும் இதயத்தை அடக்க முயல்வதைவிட, அத்துடிப்புக்கு வேறு பெயரிடுவது எளிது.

நடுக்கத்தைக் குறைக்கச் சிலர் புரோப்ரனோலால் என்னும் மாத்திரையை நாடுகின்றனர். நண்பர் கொடுத்தார் என்று விழுங்கலாகாது. ஆஸ்துமா உள்ளவர்க்கு அது பேராபத்து. மருத்துவரைக் கேட்டே தீர வேண்டும்.

நிகழ்ச்சி நடத்துவோர்க்கும் ஒரு சொல். மேலதிகாரி சொன்னார் என்பதற்காக ஓர் எழுத்தரை மேடையில் நிறுத்துவது கலையன்று, அலுவலக உத்தரவுதான். அப்படி நின்றவர் மறுமுறை ஒத்திகை அறைப் பக்கமே வரமாட்டார். திரை இழுப்பவரும், பக்கத்திரைக்குப் பின் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவரும் நாடகத்துக்கு வேண்டியவர்களே. கூச்சமுடையவர் இவ்வாண்டு அங்கே நிற்கட்டும். பிறர் வரிகளை முப்பது ஒத்திகைகளில் கேட்டுக் கேட்டு அவருக்கே மனப்பாடமாகிவிடும். அடுத்த ஆண்டு சேவகன் வேடத்துக்கு ஆள் தேடும்போது முதலில் அவரைக் கேட்டுப் பாருங்கள்.