வரைபடத்தில் இல்லாத மரங்கள்

நிலவரைபடங்களை விரித்துவைத்துப் பார்ப்பது என் நெடுநாள் பழக்கம். நீலகிரியில் தோன்றி, முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களைக் கடந்து பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் கலக்கும் மாயாறு, அவற்றில் ஒரு மெல்லிய நீலக்கோடு. இருமருங்கிலும் காட்டைக் குறிக்கும் பச்சை நிறம். அந்த ஆற்றங்கரையில் நேரில் நின்றபோதுதான், வரைபடம் எதைச் சொல்லாமல் விட்டிருந்தது என்பது எனக்குப் புரிந்தது.

மாயாற்றுப் பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதி. எங்கும் முட்புதர்களும் வறண்ட காடும்தான். ஆற்றையும் ஓடைகளையும் ஒட்டி மட்டும் உயர்ந்த நீர்மருது மரங்கள் வரிசையாக நிற்கின்றன. வெண்முதுகுப் பாறுகள் பெரிதும் இம்மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. மாடுகளுக்குச் செலுத்தப்பட்ட டைக்ளோஃபினாக் வலிநிவாரணி, அவற்றின் சடலங்கள் வழியே பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ததால், இந்தியாவில் இவ்வினம் ஏறத்தாழ முற்றிலும் அழிந்தது. கால்நடைகளுக்கு அம்மருந்து 2006-இல் தடைசெய்யப்பட்டது. தென்னிந்தியாவில் எஞ்சிய பாறுகளின் முதன்மையான புகலிடம் இப்பள்ளத்தாக்கு. ஓர் இணை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். எனவே, ஒரு கூட்டு மரம் வீழ்ந்தால் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது.

இத்தகைய மரவரிசை ஏன் வரைபடத்தில் தெரிவதில்லை? காரணம் எளிய கணக்கு. 1:50,000 அளவுகொண்ட வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 50 மீட்டர். 30 மீட்டர் அகலமுள்ள மரவரிசை அதில் 0.6 மில்லிமீட்டர்தான், ஆற்றைக் குறிக்கும் கோட்டிலேயே அது மறைந்துவிடும். முதலைகள் வெயில் காயும் மணல்திட்டுக்கும், நீர்நாய்கள் வளை அமைக்கும் கரைக்கும் இதே கதிதான்.

செயற்கைக்கோள் படங்கள் இக்குறையை ஓரளவு போக்கும், முழுமையாகப் போக்கா. வானிலிருந்து பார்த்தால் நீர்மருதும் பச்சை, பள்ளத்தாக்கில் பரவிவிட்ட சீமைக் கருவேலமும் பச்சை. முன்னது வாழிடம், பின்னது வாழிடத்தை விழுங்கும் அயல் தாவரம். இரண்டையும் பிரித்தறிய ஒருவர் கரையோரம் நடந்தாக வேண்டும். எந்த மரத்தில் எந்தப் பருவத்தில் கூடு இருந்தது என்பதை, அங்கேயே வாழும் இருளர் உள்ளிட்ட பழங்குடியினரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் அறிவர். அவர்களுடைய அறிவு இடம்பெறாத வரைபடம் அரைகுறையானதே.

இது ஆய்வாளர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தியன்று. சாலையை அகலப்படுத்துவதா, தடுப்பணை கட்டுவதா, விடுதிக்கு அனுமதி தருவதா என்ற முடிவுகள் மேசைமீது விரித்த வரைபடத்தைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன. அதில் இல்லாத மரத்துக்காக எந்த அதிகாரியும் பேச இயலாது. சட்டத்தை மீறி அழிப்பவற்றைக் காட்டிலும், கண்ணில் படாததால் அழிப்பவையே மிகுதியாக இருக்கக்கூடும் என்று நான் அஞ்சுகிறேன்.

ஆகவே, ஆற்றோர வாழிடங்களுக்கெனத் தனி வரைபடம் வேண்டும். மரவரிசை, மணல்திட்டு, ஆழ்மடு, பாறை முகடு ஆகியவை தனித்தனியாகவும், அவற்றின் இன்றைய நிலையோடும் பதிவாக வேண்டும். இன்றைய கூட்டு மரங்கள் மட்டுமன்றி, நாளை கூடு தாங்கவிருக்கும் இளமரங்களும் அதில் இடம்பெற வேண்டும். மேலே உள்ள மின்நிலையங்கள் நீரைத் திறப்பதையும் நிறுத்துவதையும் பொறுத்து ஆற்றின் ஓட்டம் மாறுவதால், ஒருமுறை வரைந்து அடுக்கில் வைத்துவிடாமல் குறித்த கால இடைவெளியில் புதுப்பிக்கவும் வேண்டும். சில இடங்களில் மாயாறே தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும் எல்லை. ஒரு கரையை மட்டும் வரைந்துவிட்டு மறுகரையை வெற்றிடமாக விடுவதில் பொருளில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கூடுகளின் துல்லிய இடத்தை எல்லோருக்கும் அறிவித்தால், ஒளிப்படக் கருவியோடு கூட்டம் அங்கே திரளும். முடிவெடுப்போருக்கு முழு விவரம், பொதுமக்களுக்குப் பகுதி அளவிலான விவரம் என்று பிரித்து வழங்குவதே முறை.

அன்று ஒரு மருதின் உச்சியில் பாறு ஒன்று அசையாமல் அமர்ந்திருந்தது. வீடு திரும்பியதும் வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடினேன். நீலக்கோடு மட்டுமே இருந்தது. பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளி இருக்க வேண்டிய இடம் என் வீட்டு வரைபடமன்று.