எண்ணெயைத் தின்னும் மண்

ஒரு தட்டில் கைப்பிடி மணலைப் பரப்பி, அதில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். பிறகு அந்த எண்ணெயைத் திரும்ப எடுக்க முயலுங்கள். தட்டைச் சாய்த்தால் கொஞ்சம் வழியும், மீதி வராது. மணல் துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளில் அது சிக்கிக்கொள்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறக் காரணமான நுண்புழை விசைதான் இங்கும் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

இதுவே ஓர் ஊரின் நிலத்தடியில் நடந்தால்?

அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே ஹனஹான் என்ற ஊர் இருக்கிறது. 1975-ஆம் ஆண்டு அங்கே ராணுவ எரிபொருள் கிடங்கு ஒன்றிலிருந்து ஏறக்குறைய 80,000 காலன், அதாவது சுமார் 3 லட்சம் லிட்டர் விமான எரிபொருள் கசிந்தது. உடனே முயன்று அது பரவாமல் தடுத்தார்கள். ஆனாலும் ஒரு பகுதி மணற்பாங்கான நிலத்தில் இறங்கி, நிலத்தடி நீரை எட்டிவிட்டது. எரிபொருளில் உள்ள பென்சீன் போன்ற நச்சுப் பொருள்கள் நீரில் சிறிதளவு கரையும். பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கவல்லது. நிலத்தடி நீர் மெல்ல நகர்ந்து, 1985-க்குள் இந்த நஞ்சைக் குடியிருப்புப் பகுதிக்கே கொண்டு சேர்த்தது.

மண் முழுவதையும் தோண்டி அகற்ற வழியில்லை. நீரை மட்டும் இறைத்தாலோ, துகள்களில் ஒட்டியுள்ள எரிபொருள் மேலும் மேலும் கரைந்து வரும். பிறகு என்ன செய்வது?

அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் அந்த மண்ணை ஆராய்ந்தார்கள். அதில் இயற்கையாக வாழும் பாக்டீரியாக்கள் எரிபொருளின் நச்சுப் பொருள்களைத் தின்று, தீங்கற்ற கார்பன்-டை-ஆக்சைடாக மாற்றிக்கொண்டிருந்தன! ஆனால் வேலை மெதுவாக நடந்தது. ஏன் தெரியுமா? பென்சீனிலும் டொலுவீனிலும் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. உடல் வளர நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்றவையும் வேண்டும். வெறும் சோற்றை மலைபோலக் குவித்து, பருப்பும் காயும் தராவிட்டால் நாம் வளர்வோமா?

ஆகவே 1992-இல், ஊட்டச்சத்துகளைக் கரைத்த நீரை மண்ணுக்குள் இறங்கச் செய்தார்கள். மாசுபட்ட நீரைக் கிணறுகள் வழியே வெளியே எடுத்தார்கள். 1993-இன் இறுதிக்குள் குடியிருப்புப் பகுதியில் மாசு 75 விழுக்காடு குறைந்தது. ஊட்டச்சத்து இறக்கிய இடத்துக்கு அருகில் பலன் இன்னும் சிறப்பாக இருந்தது. முன்பு 100 கோடிப் பங்கு நீரில் 5,000 பங்குக்கு மேல் டொலுவீன் இருந்த இடத்தில், பின்னர் கருவிகளுக்கு எட்டும் அளவுக்குக்கூட அது இல்லை. இம்முறைக்கு உயிரிவழித் தூய்மையாக்கம் என்று பெயர்.

எல்லா நஞ்சையும் பாக்டீரியா இப்படி ஒழித்துவிடுமா? முடியாது. பென்சீன் ஒரு சேர்மம். அதன் பிணைப்புகளை உடைக்கலாம். ஈயம் ஒரு தனிமம். எந்தப் பாக்டீரியாவாலும் ஈய அணுவை வேறு அணுவாக மாற்ற இயலாது.

இன்னொன்றையும் கணக்கிட்டுப் பாருங்கள். கசிவு நடந்தது 1975-இல். முக்கால் பங்கு மாசு நீங்கியது 1993-இல். இடையே 18 ஆண்டுகள்! மண் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும், நாமும் அதற்கு உதவலாம். ஆயினும் தொட்டியில் விழும் ஒரு சிறு ஓட்டையை உரிய காலத்தில் அடைப்பது இதைவிட எத்தனையோ மடங்கு எளிது.